சாம்பிராணிக் கூடைக்குள் வீணை

1988-ஆம் வருஷம், ஆனி மாதம். குற்றாலத்தில் அருவி கொட்ட ஆரம்பித்து, தென்காசி பஸ் ஸ்டாண்டில் தோளில் துண்டோடு இறங்குகிற கூட்டம் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் வந்து சந்தோஷமாக நனைகிற அந்த நாட்களில், அங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு ஒரே கவலைதான்: துணி காயாது. கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி கொடியில் போட்ட துணியைக் காலையில் எடுத்தால், போட்டதைவிட ஈரமாக இருக்கும். மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கும் மெஹர் பானு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் மகன் கிச்சாவும் அவள் மகள் ஆசியாவும் ஏறக்குறைய ஒரே வயது. ஆக, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புலம்பல்.

அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. சட்டியில் கரி நெருப்புப் போட்டு, ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் குழந்தைத் துணியைப் பரப்பிவிடுவார்கள். துணியும் காயும், வாசமும் ஏறும். அன்றைக்கு என் வீட்டுக் கரி நமுத்துப்போயிருந்தது. இரண்டு கரித்துண்டு கேட்கலாமென்று பானு வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் வீணை கேட்டது. பாட்டுச் சாமான் வைக்கிற ஸ்டாண்டின் மேல் கூடை கவிழ்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் ஆசியாவின் துணிகள் பூப்போட்டாற்போல் விரிந்திருந்தன. வாசிப்பு வந்தது என்னவோ இரண்டு ஓரத்திலும் நின்ற ஸ்பீக்கரிலிருந்துதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு, கூடைக்குள் யாரோ குனிந்து உட்கார்ந்து மீட்டுகிற மாதிரிதான் இருந்தது.

"ஏட்டி பானு, நெருப்பு எங்கன?"

"நெருப்பு எதுக்கு? அவுக கொண்டாந்த பெட்டி ராவும் பகலும் சும்மா சூடா உக்காந்திருக்குல்லா. உள்ள கையை விட்டுப் பாரு. பூனை படுத்து எந்திரிச்ச இடம் கணக்கா இருக்கும்."

கையை விட்டுப் பார்த்தேன். உண்மைதான். இதமான சூடு. ஒரு துணியைத் தொட்டேன், முறுமுறுவென்று காய்ந்திருந்தது.

அந்த நேரம் குடையை மடக்கிக்கொண்டு மசூது அண்ணன் உள்ளே வந்தார். பானுவின் வீட்டுக்காரர். கூடையைப் பார்த்தார். குடை கையிலிருந்து விழுந்தது.

"அல்லாவே! என்ன காரியம்ட்டி செஞ்சிருக்க? அதுக்கு மூச்சு முட்டும்!"

"மூச்சு விடத்தான் கூடையில இத்தனை ஓட்டை இருக்கே."

"அது என்ன பெட்டின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். சுடுத பெட்டி."

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மசூது அண்ணன் தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு குவைத்துக்குப் போய், பணக்காரர்கள் வீட்டில் பாட்டு கேட்பதற்கென்றே சாமான் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தார். ஆசியா பிறந்தபோது அவர் அங்கேதான். குழந்தையைப் பார்க்க, இனி திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு, அந்த வருஷம் சித்திரையில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். மூட்டை முடிச்சையெல்லாம் பஸ்ஸின் கூரையில் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பளியைப் பார்த்த ஒரு அம்மாள், "பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாளாம். அண்ணன் மறுக்கவில்லை. செங்கோட்டை வரைக்கும் லேசாக ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

வாசலில் பானு ஆசியாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "புள்ளையைப் பாக்க வந்த மனுசன், தானும் ஒண்ணைப் பெத்துத் தூக்கிட்டு வாராரு நீலா" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னதை, அப்புறம் தெரு முழுக்கச் சொன்னாள்.

பெட்டியை எல்லோரும் ரேடியோ என்றார்கள். சிலர் ஸ்டெபிலைசர் என்றார்கள். அண்ணன் 'கன்வர்ட்டர்' என்பார். கறுப்பு இரும்புப் பெட்டி, முகத்தில் ஒரே ஒரு பச்சை விளக்கு. திருப்ப எதுவுமில்லை, அமுக்க எதுவுமில்லை. யார் கேட்டாலும் அலுக்காமல் விளக்குவார்.

"தங்கச்சி, தந்தி ஆபீஸ் பாத்திருக்கியா? அங்கன தந்தி எப்படி வருது? கட்டுகட கட்டுகடன்னு வருது. அதைக் கேட்டு ஒரு ஆளு எழுத்தாக்குதாருல்லா? இந்த சி.டி.ங்கிற வட்டத் தட்டுல பாட்டு கிடையாது. எல்லாம் நம்பரு. பிளேயர் அந்த நம்பரை வாசிக்கும். நம்பரைத் திரும்பக் குரலாக்குததுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளுதான் இந்தப் பெட்டி."

"அப்போ பெட்டி இல்லாட்டா பிளேயர் பாடாதா அண்ணே?"

"பாடும். அதுக்குள்ளேயே ஒரு தந்தி மாஸ்டர் இருக்காரு. ஆனா அவரு அரைத் தூக்கம். எழுத்தை விட்டுவிட்டுப் படிப்பாரு. என் மாஸ்டர் ஒரு புள்ளி விடமாட்டாரு."

ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் குவைத்தை விட்டுப் போகும்போது விற்றது அது. கடையில் அதைத் தொட்டுத் துடைத்த நாளிலிருந்தே அண்ணனுக்கு அதன் மேல் கண். வேறொன்றும் வாங்காமல் அதை வாங்கினார். அதை அணைக்கவே கூடாது என்பது அவர் சட்டம். அணைத்தால் மறுபடி சூடேறிக் குரல் தெளிய ஒரு பொழுது ஆகுமாம். கரண்ட் போய்விட்டால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

தட்டுகள் அவரிடம் கொஞ்சம்தான் இருந்தன. வீணை ஒன்று, பியானோ ஒன்று, ஒரு அரபு வாத்தியம். அப்புறம் கடையில் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுகிற தட்டு ஒன்று. அதில் ரயில் போகும், கண்ணாடி உடையும், மழை பெய்யும். அந்த மழை அவருக்கு உயிர்.

"கண்ணை மூடிக் கேளுங்க. ஓட்டு மேல விழுதது தனி, இலை மேல விழுதது தனி!"

வெளியே நிஜ மழை ஓட்டின் மேலும் இலை மேலும் விழுந்துகொண்டிருந்தது. பானு அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "மூணு கடல் தாண்டிப் போயி மழையை வாங்கிட்டு வந்திருக்கிய. அதுவும் குற்றாலத்துக்கு!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய கேலி அவருக்கு எப்போதுமே பிடிக்கும். ஆனால் அவர் ஆசை வேறு. பானு ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவள் உட்கார்ந்தால்தானே! உட்கார்ந்தாலும் கை கூடையைத்தான் தடவும், துணி காய்ந்துவிட்டதா என்று.

கூடை விஷயத்தில் அவரே இறங்கிவந்தார். பெட்டியின் மேல் படாமல் ஒரு சாண் உயரத்தில் கம்பி வளைத்து ஒரு தாங்கி செய்து, அதன் மேல் கூடையை வைத்தார். காற்றும் போகும், துணியும் காயும். சாம்பிராணி மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாளே என் கிச்சாவின் துணியும் அதில் ஏறியது. அடுத்த வாரம் எதிர் வீட்டு ஷரீபுன்னிசாவின் பேரன் துணியும் வந்தது. வீணையைக் கேட்டுக்கொண்டு எங்கள் தெருப் பிள்ளைகளின் துணியெல்லாம் காய்ந்தது.

இப்படியிருக்கும்போதுதான் காஜா லீவில் வந்தார். காஜா, பானுவின் அண்ணன். குவைத்தில் போர்மேன். எதையும் நேரே கேட்டுவிடுகிறவர். வந்த அன்றே கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கோழி அடை வச்சிருக்கியா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "துணி காயப்போடவா இதைக் கொண்டாந்த? அங்கன உன் பழைய கடைக்கு வருத ஒரு லெபனான்காரன் இன்னிக்கும் கேக்கான், அந்தப் பெட்டி எங்க போச்சு எங்க போச்சுன்னு. கொடு, நான் திரும்பிப் போகையில கொண்டுபோயி அவன்கிட்டக் கொடுத்துட்டு, அதுக்குப் பதிலா துவைக்கிற மிஷின் ஒண்ணை அனுப்பி வைக்கேன். அதுலயே துவைச்சு அதுலயே காயவைக்கும். எடுத்து அப்படியே புள்ளைக்குக் கட்டலாம்."

பானுவின் கண் விரிந்தது. "காயவும் வைக்குமா?"

"சுடச்சுட வரும்."

அவள் மூலையில் குவிந்திருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அதற்கப்புறம் மசூது அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், இது மாதிரி குரல் இந்த ஜில்லாவுலயே வேற எங்கயும் கிடையாது," என்றார் மெதுவாக.

"யாரு சொன்னா? நீ சொல்லுத. வேற ஒரு ஆளு சொல்லட்டும். பிளேயர் தனியாவும் பாடும்னு நீயே சொல்லுதல்ல? பெட்டியோட ஒரு தரம், பெட்டி இல்லாம ஒரு தரம். பாக்காமக் கேட்டு ஒருத்தராவது சரியாச் சொல்லிட்டா, பெட்டி இங்கனயே இருக்கட்டும். இல்லாட்டா நான் கொண்டுபோறேன். சரிதானா தங்கச்சி?"

"சரிதான்," என்றாள் பானு.

"சரி," என்றார் மசூது அண்ணன். அவருக்கு அதில் பயமே இல்லை. பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளை மாதிரி இருந்தார்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் முன்னறையில் கூடினோம். பிளேயரிலிருந்து நேராக வருகிற வயர் ஒன்று, பெட்டி வழியாக வருகிற வயர் ஒன்று. இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தன. அதில் ஒரு குமிழைத் திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும். சத்தம் கூடக் குறைய இல்லாமல் அண்ணனே சரிபண்ணி வைத்தார். குமிழ் தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு பெட்ஷீட். முதலில் நான் கையை ஷீட்டுக்கு அடியில் விட்டுத் திருப்ப வேண்டும். காஜா அவ்வப்போது தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

முதல் ஆள் மசூது அண்ணனேதான். நாற்காலியில் நிமிர்ந்து, கண்ணை மூடி, கையை முட்டியில் வைத்து உட்கார்ந்தார். வீணை ஆரம்பித்தது. நான் திருப்பினேன்.

"இது பெட்டி," என்றார் உடனே. "விரல் தந்தியை விட்டு எடுக்கதுகூடக் கேக்குது."

காஜா ஷீட்டைத் தூக்கினார். பெட்டி இல்லை.

மறுபடி திருப்பினேன். "இது... இது பெட்டி இல்லை. தட்டையா இருக்கு. அரைத் தூக்கம்."

பெட்டிதான்.

அப்புறம் ஒன்று சரி, அடுத்தது தப்பு. சும்மா காசு சுண்டிப் போட்டிருந்தால்கூட அவ்வளவுதான் வந்திருக்கும். காஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "மாப்ள, உன் மாஸ்டர் முழிச்சிருக்காரா தூங்குதாரான்னு உனக்கே தெரியலியே!"

"லோ வோல்டேஜ்," என்றார் அண்ணன்.

"ஸ்டெபிலைசர் இருக்குல்லா?"

"மனசு லோ வோல்டேஜ் மச்சான்."

அடுத்து என்னை உட்காரவைத்தார்கள். நான் காது கொடுத்துத்தான் கேட்டேன். "ரெண்டும் நல்லா இருக்கு" என்றேன். "தங்கச்சி ரெண்டு பக்கமும் மனசு நோகாமச் சொல்லுது. தள்ளு," என்றார் காஜா.

அண்ணன் எழுந்தார். உள்ளே போய் அந்தக் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்த அதே கம்பளி. அதைத் தரையில் விரித்தார். கூடையை எடுத்துக் கீழே வைத்தார். துணிகளை ஒவ்வொன்றாக மடித்துத் தனியே வைத்தார். அதற்கப்புறம் பெட்டியின் பின்பக்க வயரில் கை வைத்தார். அவர் தோற்றதைவிட, அவர் அந்தத் துணிகளை அவ்வளவு பதனமாக மடித்ததுதான் எனக்கு என்னவோ செய்தது. காஜாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏங்க," என்றாள் பானு. "நான் இன்னும் சொல்லவே இல்லியே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நீயா?" என்றார் காஜா. "உனக்கு ரேடியோவும் கரண்ட் மோட்டாரும் ஒண்ணுதானே?"

"ஒருத்தராவதுன்னுதானே சொன்னிய? நானும் ஒருத்திதானே?"

அண்ணன் வயரிலிருந்து கையை எடுத்தார். "நீ கேக்கியா? அப்போ நான்தான் திருப்புவேன்."

"திருப்பு. ஆனா வாயைத் திறக்கக் கூடாது, கனைக்கக் கூடாது," என்றார் காஜா. "பானு, நீ அந்தப் பக்கம் பீரோவைப் பாத்துத் திரும்பி நில்லு. அதுல கண்ணாடி இருந்தா என்ன, குமிழைத்தான் ஷீட் மறைச்சிருக்கே."

பானு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீரோ முன்னால் போய் நின்றாள். அண்ணன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷீட்டுக்குள் கையை விட்டார். வீணை தொடங்கியது. வெளியே சாரல் நின்று, வாசல் கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் திருப்பினார்.

"பெட்டி," என்றாள்.

காஜா பார்த்தார். பெட்டிதான்.

திருப்பினார். "பெட்டி இல்லை."

சரி.

திருப்புவதுபோல் பாவனை செய்துவிட்டுத் திருப்பாமலே இருந்தார். "மாத்தவே இல்லியே. இன்னும் பெட்டி இல்லாமத்தானே பாடுது," என்றாள்.

காஜா ஷீட்டை முழுசாக இழுத்துவிட்டு, அண்ணனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். எதுவும் ஏமாற்று இல்லை. மறுபடி மூடினார். "இன்னும் கேளு," என்றார். கேட்டாள். ஒவ்வொரு தரமும் அண்ணன் திருப்பிய நேரம் பானு சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் காஜா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எங்க வாப்பா சத்தியமா, எனக்கு ஒரு எழவும் கேக்கல. ஆனா என் தங்கச்சி காது காதுதான்!"

மசூது அண்ணன் எழுந்து நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எப்படிட்டி கண்டுபிடிச்ச? அந்த விரல் எடுக்க சத்தமா? கடைசியில இழுத்து அடங்குதே, அதுவா?"

"ஏதோ ஒண்ணு," என்றாள் பானு. "பெட்டி இருக்கையில ஒரு... ஒரு சந்தோசமா இருக்கு."

"அதேதான்! அதேதான் நானும் சொல்லுதது! சந்தோசமா இருக்கு!"

ஆசியாவைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றினார். கம்பளி உள்ளே போனது. கூடை மறுபடி ஏறியது. மடித்து வைத்த துணிகளை அவரே ஒவ்வொன்றாக உதறிப் பரப்பினார்.

காஜா லீவு முடிந்து பெட்டி இல்லாமலே போனார். பானுவுக்குத் துவைக்கிற மிஷின் வரவில்லை. அதுதான் எனக்குப் புரியவேயில்லை. ஈரத்துணியோடு மல்லாடியவள் அவள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஷின் வீடு வந்து சேர்ந்திருக்கும். அதைவிட, அவளுக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது? ஒரு நாள் எங்கள் வீட்டு மாடியில், ஏதோ கொஞ்சம் வெயில் அடித்த நேரம், துணி போட்டுக்கொண்டே கேட்டே விட்டேன்.

"ஏட்டி, நெசமாவே உனக்கு வித்தியாசம் கேட்டுதா?"

அக்கம்பக்கம் பார்த்தாள். "கண்ணாடியில அவுக கால் தெரிஞ்சுது."

"காலா?"

"பெட்டிக்கு மாத்தினா அவுக கால் பெருவிரல் தானா ஆடும் நீலா. சாயங்காலம் உக்காந்து கேக்கையில எத்தனை நாள் பாத்திருக்கேன். பெட்டி இல்லாம மாத்தினா விரல் சும்மா கிடக்கும். அன்னிக்கும் அப்படித்தான். மாத்தினா ஆடுச்சு. எடுத்தா நின்னுச்சு. அவுகளுக்கே தெரியாது."

"அப்போ பாட்டு?"

"பாட்டை யாரு கேட்டா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கிச்சாவின் துணி கைதவறிப் பின் வீட்டுக் கூரையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டபோது அவருக்கே தெரியாத வித்தியாசம், தானே திருப்பினபோது அவர் கால் விரலுக்குத் தெரிந்திருக்கிறது! "பின்னே மிஷின் போச்சே?" என்றேன்.

"போட்டும். நீ பாத்தல்ல, அந்தத் துணியை எப்படி மடிச்சாகன்னு? அதுக்கப்புறம் மிஷின் வந்து என்னத்தைக் காயவைக்கும்?"

இதையெல்லாம் எழுதலாமா என்று எனக்கு ஒரே பயம். இத்தனை வருஷம் கழித்து இங்கே தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எதையாவது எழுதி, அங்கே ஒரு வீட்டில் கலகத்தை உண்டுபண்ணிவிட்டால்? போன வாரம் பானுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எழுது எழுது," என்றாள். "அவுக மூக்குக்கண்ணாடி இல்லாம எதையும் படிக்க மாட்டாக. அன்னிக்கு மட்டும் கண்ணாடியை நான் ஒளிச்சு வச்சிருதேன்." பின்னால் வீணை கேட்டது. இல்லை, எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. போனில் எது சரியாகக் கேட்கிறது?

அந்த வருஷம் சாரல் முடிகிற வரைக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அண்ணன் ஒரே பேச்சுதான். "எனக்கென்ன தெரியும்? காதுன்னா எங்க வீட்டம்மா காது." வந்தவர்கள் விடுவார்களா? பானுவைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அவள் ஒவ்வொரு தரமும் நேரே பீரோ முன்னால் போய் நிற்பாள்.

"ஏன் அங்கன போயி நிக்க? நாற்காலியில உக்காந்து கேளேன்," என்றார் அண்ணன் ஒரு நாள்.

"இங்கன நின்னாத்தான் எனக்குச் சரியாக் கேக்குது," என்றாள்.

அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரையும் சுவரையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார். கயிறு பிடித்து அளந்தார். சத்தம் எங்கே போய் இடித்து எங்கே வந்து சேருகிறது என்று ஒரு பேப்பரில் கோடு போட்டார். மறுநாள் நான் போனபோது அவருடைய நாற்காலி இடம் மாறியிருந்தது. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஆசியா. பக்கத்தில் கூடை.

"தங்கச்சி, அவ சொன்னது நூத்துக்கு நூறு," என்றார் என்னைப் பார்த்து. "இந்த இடந்தான். இங்கன உக்காந்தா ரொம்பத் தெளிவாக் கேக்குது."

கண்ணாடியில் அவருடைய பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் நின்ற பானு தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.